ஐம்பது மேம்பாலம் என்று நான் போட்ட கணக்கு

“அடிவாரம் 90 மீட்டர், உச்சி 390. ஏற்றம் 300 மீட்டர். ஒரு மேம்பாலம் ஆறு மீட்டர் என்றால், அதாவது ஐம்பது மேம்பாலம்.” மலைக்கோயிலுக்குச் சைக்கிளில் புறப்படுவதற்கு முந்தைய சனிக்கிழமை என் குறிப்பேட்டில் நான் எழுதியது இது.

அம்பத்தூர்க்காரர்களுக்கு மேடு என்றால் மேம்பாலம்தான். சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளும் என் நண்பர் குமார், அதில் ஐம்பது முறை சைக்கிள் மிதித்துப் பழகினார். அந்த அளவுக்குத்தான் பழமும் பிஸ்கட்டும் கொண்டுவந்தார்.

மலைப்பாதையோ ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. கடைசிப் பழமும் தீர்ந்தது.

“இன்னும் எவ்ளோ கீது மாமே?”

“பத்து பாலம்.”

“அரைமணியா அதையே சொல்லிகினு கீறே.”

சற்று நேரத்தில் ரத்தச் சர்க்கரை இறங்கி, அவர் கைகள் நடுங்கின. சட்டை வியர்வையில் நனைந்து, பேச்சு குழறியது. என்னிடம் தண்ணீர் மட்டுமே இருந்தது. கோயிலிலிருந்து ஸ்கூட்டரில் இறங்கி வந்த ஒரு பெண்மணி, பிரசாதக் கல்கண்டை அவர் வாயில் போட்டார். கால்மணி நேரம் கழித்துத்தான் குமாருக்குத் தெளிந்தது.

“உன் நோட்ட இங்கியே கடாசிட்டு வா நைனா,” என்றார்.

உச்சியிலிருந்து அடிவாரத்தைக் கழித்த நான், நடுவில் இறங்கி மீண்டும் ஏறியதையெல்லாம் விட்டுவிட்டேன். இப்போது ஒவ்வொரு ஏற்றத்தையும் தனித்தனியாகக் கூட்டுகிறேன். என் பையிலும் கல்கண்டு இருக்கிறது.

அன்றைய மொத்த ஏற்றம் என் கைப்பேசியில் 520 மீட்டர், குமாரின் கைக்கடிகாரத்தில் 610. எது சரி என்பதை இன்னும் நான் உறுதிசெய்யவில்லை.