இருபத்தைந்து நிமிடம் முந்திய கேமரா

குற்றாலத்தில் நான் கேமரா மாட்டாத லாட்ஜ் நாலைந்துதான் இருக்கும். அந்த நாலைந்தும் என்னை நன்றாகத் தெரிந்தவர்கள் நடத்துவது.

தென்காசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே என் கடை. கேமராக்கள், அவை பிடிப்பதைச் சேர்த்து வைக்கிற டிவிஆர் பெட்டிகள், வயர்ச் சுருள், ஓர் ஏணி, மிச்ச இடத்தில் நான். வீடு மேலகரத்தில். ஆனால் சாரல் ஆரம்பித்துவிட்டால் ஏணிதான் வீடு. ஈரம் வயர் முனைக்குள் இறங்கிப் படம் கோடு கோடாக ஓடும். சிலந்தி லென்ஸுக்கு முன்னால் வலை கட்டும். லாட்ஜ்காரர் போன் செய்து, "ஏதோ வெள்ளையா அசையுது வே, பேயா பாரும்" என்பார். நான் போய் விளக்குமாற்றால் பேயை ஓட்டிவிட்டு வருவேன்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். பயம் வந்தால் ஜோக் அடிப்பேன். தாலி கட்டும்போது பயத்தில் நான் அடித்த ஜோக்கை என் மாமனார் இன்னும் மன்னிக்கவில்லை. இது வேடிக்கையான குணம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் இரண்டு மாடி லாட்ஜ் ஒன்று. அதற்கு மே மாதக் கடைசியில் கேமரா மாட்டினேன். டிவிஆரை முதலில் ஆன் செய்ததும் அது தேதியும் நேரமும் கேட்கும். நான் போனை எடுத்தேன்.

"போன உள்ள வையும் வே. அந்தா செவத்துல தொங்குதுலா கடிகாரம், அதப் பாத்து வையும்" என்றார் முதலாளி. அறுபது வயது, நெற்றி நிறைய திருநீறு.

"அண்ணாச்சி, அது இருபத்தஞ்சு நிமிஷம் கூட ஓடுது."

"தானா ஓடல. நாந்தான் ஓட விட்டிருக்கேன்."

அந்த லாட்ஜில் பகல் பன்னிரண்டு மணிக்கு ரூமைக் காலி செய்ய வேண்டும். அருவியில் நிற்கிறவன் பன்னிரண்டுக்கு எங்கே வருவான்? கடிகாரத்தை முந்த வைத்தால் பதறிக்கொண்டு கிளம்புவான், ரூமைக் கழுவிவிட நேரம் கிடைக்கும். யாராவது போனைக் காட்டிச் சண்டைக்கு வந்தால், "சார், உங்க போன் கேரளா டவரப் புடிக்குது, மலைக்கு அந்தப் பக்கம்லா" என்பார். இந்தியா முழுக்க ஒரே மணிதான் என்பது எவ்வளவு படித்தவருக்கும் அந்த ஒரு நொடி மறந்துவிடும். வங்கி மேனேஜர் ஒருவர் அவரிடம் மன்னிப்புக் கேட்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இனி கேமராத் திரையும் அதே மணியைக் காட்டினால் அவருக்கு இரண்டு சாட்சி.

"உங்க லாட்ஜில தங்குதவனுக்கு ஆயுசுல இருபத்தஞ்சு நிமிஷம் கட் அண்ணாச்சி" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே நேரத்தைத் தப்பாக வைத்தேன்.

இன்னொரு கோளாறும் செய்தேன். முதல் மாடி வராந்தாவில் கேமராவை ரூம் கதவுகளுக்கு எதிரே மாட்டியிருக்க வேண்டும். மாடிப்படிப் பக்கம் ஏற்கெனவே ஓட்டை போட்ட இடம் இருந்தது, அங்கேயே மாட்டிவிட்டேன். கதவுகள் சுவரிலிருந்து ஓரடி உள்வாங்கியிருக்கும். என் கேமராவில் பார்த்தால் கதவுக்கு முன்னால் போய் நிற்கிறவன் சுவருக்குள் புகுந்து மறைந்த மாதிரி தெரியும். வெளியே நிற்கிறானா, உள்ளே போனானா என்று கண்டுபிடிக்க முடியாது.

சீசன் உச்சத்தில், ஒரு மதியம், முதலாளியின் போன். "உடனே வாரும். ரூம்ல இருந்த செயினக் காணும்னு பார்ட்டி குதிக்கான்."

போனேன். ரிசப்ஷனில் ஈரோட்டுக் குடும்பம் ஒன்று நின்றது. கணவன், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், மனைவியின் அப்பா. அருவிக்குள் தலையைக் கொடுத்தால் கழுத்தில் கிடப்பது கையோடு வராது என்று எல்லாரும் நகையைக் கழற்றிவிட்டுத்தான் போவார்கள். அந்த அம்மாளும் ரூமிலேயே கழற்றி வைத்ததாகச் சொன்னார். குளித்துத் திரும்பிப் பார்த்தால் இல்லை.

சுவரோரம் நின்றவர் அந்த லாட்ஜில் எண்ணெய் தேய்க்கிறவர். என் வயதுதான், கை மட்டும் என் தொடை அளவு. ஒன்பது சீசனாக அந்த மாடிப்படியில் உட்காருகிறார். அருவியில் தண்ணீர் விழுகிற மூன்று மாதத்தில்தான் அவருக்கு வருஷம் முழுக்கச் சாப்பாடு. அன்று காலை அந்தக் குடும்பத்துப் பெரியவரை ரூம் வாசலிலேயே பலகையில் உட்கார வைத்துத் தேய்த்திருக்கிறார். பலகையையும் எண்ணெய் மூட்டையையும் அங்கேயே போட்டுவிட்டுக் கீழே போய், பிறகு வந்து எடுத்திருக்கிறார்.

"பலகைய எடுக்கத்தான் வந்தேன் அண்ணாச்சி. ரூமுக்குள்ள ஆளு பேசுத சத்தம் கேட்டுச்சு. நான் கதவக்கூடத் தொடல" என்றார் முதலாளியிடம்.

"பேச்சுச் சத்தமா? நாங்க பத்தேகாலுக்கே கெளம்பிட்டமுங்க" என்றார் ஈரோட்டுக்காரர். "கெளம்பறப்ப வேன் டிரைவருக்குப் போன் போட்டேன், பாருங்க, பத்து பதினஞ்சுன்னு இருக்குது. அதுக்கப்புறம் ரூம்ல யாரு பேசுவாங்க, பல்லியா? நீங்க பத்து இருபதுல இருந்து போடுங்க."

போட்டேன். காலியான வராந்தா. கம்பியில் ஒரு துண்டு சொட்டிக்கொண்டிருந்தது. திரையில் மணி பத்து முப்பது ஆனபோது எண்ணெய்க்காரர் மாடியேறி வந்தார். சுவருக்குள் புகுந்து மறைந்தார். கொஞ்ச நேரத்தில் கக்கத்தில் ஒரு துணி மூட்டையுடன் வெளிப்பட்டுப் படியிறங்கிப் போனார்.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று அந்த அம்மாள் அழ ஆரம்பித்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். திரையில் பத்து முப்பது என்றால் உலகத்தில் பத்து ஐந்து. பத்து ஐந்துக்கு இந்தக் குடும்பம் ரூமுக்குள்தான் இருந்தது. அவர் கேட்டது இவர்கள் பேச்சைத்தான். இன்னும் பத்து நிமிடம் ஓட்டினால் போதும், திரையில் பத்து நாற்பதுக்கு இந்த ஐந்து பேரும் அதே வராந்தாவில் சாவகாசமாக நடந்து வருவார்கள். மவுஸ் என் கையில் இருந்தது. ஒரு விரலை ஒரு அங்குலம் நகர்த்த வேண்டும்.

முதலாளியின் கை வந்து என் கைமேல் உட்கார்ந்தது.

"போதும் வே. நிறுத்தும்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கணக்கு அவருக்கும் தெரிந்துவிட்டது. அந்த ஐந்து பேரும் திரையில் நடந்து வந்தால் செயின் விவகாரம் முடியும், கடிகார விவகாரம் தொடங்கும்.

மூன்றாவதாகக் கடிகாரத்தைப் பார்த்தவர் எண்ணெய்க்காரர். ஒன்பது சீசன் அதன் கீழே உட்கார்ந்தவர்தானே.

"அண்ணாச்சி, அந்த மணி..."

"வாய மூடுலே!"

அவர் வாயை மூடினார். என் பக்கம் திரும்பினார். "கேமராக்கார அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. நீங்கதான வச்சீங்க."

உண்மையைச் சொன்னால் முதலாளி என்னை விடமாட்டார், குற்றாலத்தில் ஒரு லாட்ஜிலும் என் ஏணி நிற்காது. போலீஸ் வந்தால் நேரத்தை மாற்றி வைத்தவன் என்று என்னைத்தான் முதலில் ஜீப்பில் ஏற்றுவார்கள். ஜெயிலில் எனக்கு எந்த மூலையில் பாய் போடுவார்கள் என்பதுவரை மனது போய்விட்டது. வாய் வழக்கம்போல் தன் வேலையைப் பார்த்தது.

"மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாதுப்பா. அதுக்கு இன்னும் கல்யாணம் ஆகல" என்றேன்.

ஈரோட்டுக்காரர்கூட லேசாகச் சிரித்தார். அவ்வளவு நல்ல ஜோக்.

மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார்கள். பலகை, எண்ணெய் பாட்டில், துணி, சீப்பு, பேப்பரில் சுற்றிய இரண்டு ஆமவடை. செயின் இல்லை. இல்லாததே அவரைப் பெரிய திருடராக்கிவிட்டது. "எங்கனயோ ஒளிச்சிட்டாம்லா, கைதேர்ந்தவன்" என்றார் முதலாளி. பிறகு பெருந்தன்மையோடு, "போலீசெல்லாம் வேண்டாம். பாவம், போட்டும். இனி இங்க எந்த லாட்ஜ் படியிலயும் கால் வைக்கக் கூடாது" என்றார். என் காதருகே குனிந்து, "அவன் மூஞ்சிய மட்டும் நல்லா எடுத்து எனக்கு அனுப்பும்" என்றார்.

எடுத்தேன். அவர் படியிறங்குமுன் தலை நிமிர்ந்த ஒரு நொடியில் படத்தை நிறுத்தி, பெரிதாக்கி, ஓரங்களை வெட்டி அனுப்பினேன். சாரல் காலத்தில் என் கேமராவில் ஒரு மனித முகம் அவ்வளவு துல்லியமாக விழுந்ததே இல்லை. தொழில் பெருமையில் ஒரு கணம் மார்பு விரிந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். லாட்ஜ் முதலாளிகளுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. எண்ணெய்க்காரர் தெருமுனையைத் தாண்டும் முன்பே அவருடைய முகம் எல்லா ரிசப்ஷனுக்கும் போய்விட்டது.

கிளம்பும்போது, கேபிளைச் சரிபார்க்கிற சாக்கில், பத்து இருபதிலிருந்து பத்து நாற்பத்தைந்து வரை ஒரு பென் டிரைவில் பதிந்து எடுத்துக்கொண்டேன். அவருக்காக என்று யாரும் நினைக்க வேண்டாம். நாளை ஜீப் வந்தால் எனக்கு வேண்டுமே! கடைக்கு வந்து ஓட்டிப் பார்த்தேன். பத்து நாற்பதுக்கு ஐந்து பேரும் வந்தார்கள். கடைசியாகப் பெரியவர், ஒரு சோப்பு டப்பாவை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

மூன்றாம் நாள் முதலாளி போனில் சிரித்தார். "செயின் கெடச்சிட்டாம்வே. அந்தப் பொம்பளையே சோப்பு டப்பாக்குள்ள போட்டு அப்பன் கையில குடுத்திருக்கா. கெழவன் அத அருவிக்கும் கொண்டு போயிட்டு, ஊருக்கும் கொண்டு போயிருக்கான். வீட்டுல போயி குளிக்கும்போதுதான் தெறந்திருக்கானுவ!"

நானும் சிரித்தேன். பிறகு கேட்டேன், "குரூப்ல போட்டுட்டீங்களா அண்ணாச்சி?"

"எத?"

"அவர் எடுக்கலங்கறத."

"போட்டா, பெறகு கேமராவுல எப்படிவே மாட்டுனான்னு கேப்பானுவ. கடிகாரம் வரைக்கும் வரும். சீசன் முடியட்டும், பாப்போம்."

அன்று எனக்கு வீரம் வந்தது. சிலந்தி வலை தட்டுகிற சாக்கில் அந்த லாட்ஜுக்குப் போய், முதலாளி பக்கத்துக் கடையில் டீ குடிக்கிற நேரத்தில் டிவிஆரின் மணியைச் சரியாக மாற்றிவிட்டேன். ஏதோ கோட்டையைப் பிடித்தவன் மாதிரி பைக்கில் திரும்பினேன். மறுநாள் பன்னிரண்டரைக்குப் போன் வந்தது. "உம்ம கேமரா லேட்டா ஓடுது வே. செவத்துல ஒரு மணி, டிவியில ஒரு மணின்னு ஒரு பார்ட்டி என் சட்டையப் புடிக்கான். வந்து சரி பண்ணும்." போய்ச் சரி பண்ணினேன். அதாவது, மறுபடி தப்பாக்கினேன். என் வீரம் முழுசாக ஒரு நாள் தாங்கியது.

மூன்று வாரம் கழித்து எண்ணெய்க்காரர் கடைக்கு வந்தார். தென்காசியிலும் தூறிக்கொண்டிருந்தது. அவரைக் கண்டதும் நான் குனிந்து வயர்ச் சுருளுக்குள் எதையோ தேட ஆரம்பித்தேன். ரொம்ப நேரம் தேடினேன். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"செயின் கெடச்சிட்டாம்லா அண்ணாச்சி. ரூம் கூட்டுத அக்கா சொல்லிச்சு."

"அப்படியா?" என்றேன்.

"எந்த லாட்ஜிலயும் ஏற விட மாட்டக்காங்க. அருவிப் பக்கம் போயி உக்காந்தா, கூட தொழில் செய்யுதவனே தள்ளி உக்காருங்கான். எம் படம் அவம் போன்லயும் இருக்கு." அவர் குரலில் கோபம் இல்லை. இருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "நான் வந்த பெறகுதான அவங்க வெளிய போனாங்க? அது உங்க பெட்டியில இருக்கும்லா. அத மட்டும் என் போன்ல ஏத்தித் தாங்க. லாட்ஜ் லாட்ஜா நானே காட்டிக்கிடுதேன். உங்க பேர எங்கயும் எடுக்க மாட்டேன்."

பென் டிரைவ் என் மேஜை இழுப்பறைக்குள் இருந்தது. இழுப்பறை மேல் என் கை இருந்தது.

"பதினஞ்சு நாளுதாம்ப்பா அதுல நிக்கும்" என்றேன். "பெறகு பழசு மேலயே புதுசு ஏறிரும். அழிஞ்சு போச்சு."

"அழிஞ்சா அழிஞ்சதுதானா? திரும்ப எடுக்க வழியில்லியா?"

"கடவுளே வந்தாலும் எடுக்க முடியாது. வந்தார்னா அவருக்கும் ஒரு கேமரா மாட்டி விட்டுரலாம்."

அவர் சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். போகத் திரும்பியவர் நின்று என்னைப் பார்த்தார்.

"வலது தோளத் தூக்க மாட்டீங்களோ? வந்ததுல இருந்து பாக்கேன், ஒரு பக்கமாவே நிக்கீங்க."

ஏணியில் நின்று டிரில்லிங் மெஷின் பிடித்துப் பிடித்து ஏறிய வலி. இரண்டு வருஷமாக எந்த டாக்டருக்கும் பிடிபடாதது. வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் பின்னால் வந்துவிட்டார். அந்தக் கை என் கழுத்துக்குப் பக்கத்தில் இறங்கியபோது, செத்தேன் என்றே நினைத்தேன். நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் கை மட்டும் இழுப்பறையை விடவில்லை. கட்டைவிரலால் தோள் எலும்புக்குக் கீழே ஒரு இடத்தைத் தேடி அழுத்தினார். உள்ளே ஏதோ சொடுக்கென்று விலகியது.

"நாலு நாளைக்கு வெயிட்டு தூக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனார். புனலூர்ப் பக்கம் மூட்டை தூக்கப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அடுத்த சீசனில் அந்த மாடிப்படியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். குரூப்பில் யாரும் எதுவும் போடவில்லை. கடிகாரம் ஓடுகிறது. வருஷத்துக்கு இரண்டு தடவை போய், டிவிஆர் அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக் கொடுக்கிறேன்.

பென் டிரைவ் இழுப்பறையில்தான் இருக்கிறது. அந்தத் தோள் அதற்குப் பிறகு வலிக்கவே இல்லை.