அரசாணிக்காய்க்கு முதல் கத்தி

வினோலியா உட்கார்ந்தால் தூங்கிவிடுவாள். அதனால் அவள் உட்காருவதே இல்லை. மாதா கோயிலில் பிரசங்கம் நடக்கும்போதுகூடக் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேதான் கேட்பாள். பார்க்கிறவர்கள் பக்தி என்று நினைத்துக்கொள்வார்கள். மாடியில் குடியிருக்கும் எனக்குத்தான் உண்மை தெரியும்.

ஏற்காடு மலைப்பாதை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருக்கிறது எங்கள் வீடு. எங்கள் வீடு என்றால் அவர்களுடையது, நான் வாடகைக்காரி. கீழே அவளும் அவள் புருஷன் ஞானதாஸும். அடுப்படியிலேயே ஓவன் வைத்து பப்ஸும் கேக்கும் செய்து விற்கிறாள். வயது ஐம்பதை நெருங்குகிறது. குதிகால் வலிக்காக வீட்டுக்குள்ளேயே ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு நடப்பாள். யார் என்ன கேட்டாலும் "ஆகட்டும்" என்பாள். முடியாது என்று சொன்னால் காரணம் சொல்ல வேண்டும், அதற்கும் சேர்த்துத் தெம்பு வேண்டும், ஆகட்டும் என்று சொல்லிவிட்டால் வேலை மட்டும்தான் மிச்சம் என்பது அவள் சித்தாந்தம்.

அந்த "ஆகட்டும்"தான் இந்த வீட்டுக்குள் ஹாலோவீனைக் கூட்டி வந்தது. சேலத்தில் பெரிய ஃபீஸ் வாங்கும் பள்ளிக்கூடம் ஒன்று, அக்டோபர் கடைசியில் பிள்ளைகளுக்குப் பேய் வேஷம் போட்டு விழா நடத்துகிறது. சில வருஷத்துக்கு முன்னால், அதற்கு மஞ்சள் பூசணி வைத்த பலகாரம் வேண்டும், பேய் முகம் மாதிரி கண்ணும் வாயும் வெட்டியிருக்க வேண்டும், முட்டை கூடாது என்று கேட்டார்கள். நாமக்கல் முட்டை எங்கெங்கோ போகிறது, பக்கத்திலிருக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஆகவில்லை. எனக்குச் சிரிப்பாக வந்தது. நம் ஊரில் புது வீடு கட்டினால் பூசணிக்காயில் மீசை வைத்த பூதத்தை வரைந்து வாசலில் தொங்கவிடுகிறோம். ஆயுத பூசைக்கு உடைத்து ரோட்டில் போட்டு, போகிற வருகிற பைக் ஓட்டுகிறவனையெல்லாம் வழுக்கி விழ வைக்கிறோம். இதை மூடநம்பிக்கை என்று சொல்கிற அதே ஆட்கள்தான் அதே முகத்தை வெட்டக் கற்றுக்கொடுத்து ஃபீஸும் வாங்குகிறார்கள். சகல புனிதர் திருநாளுக்கு முந்தின நாளில் பேய்க்கு என்ன வேலை என்று ஃபாதர் பிரசங்கத்தில் கேட்டபோது, வினோலியா தூணோரம் நின்று தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து மைதாவைச் சலித்தாள்.

மஞ்சள் பூசணியை எங்கள் பக்கம் அரசாணிக்காய் என்போம். பொரியலுக்குக் கடையில் வெட்டி வைத்த பத்தை வாங்கினால் போதும். ஹாலோவீன் ஆர்டருக்கு அது கட்டாது. ஜேடர்பாளையத்திலிருந்து காய்கறி வண்டியில் முழுக் காயாக வரவழைப்பாள். அங்கேதான் பெருமாயியின் சட்டம் குறுக்கே நிற்கும்.

பெருமாயி கூடமாட வேலை செய்கிறவள். திருச்செங்கோட்டுப் பக்கம் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். பாத்திரம் தேய்ப்பாள், மாவு பிசைவாள், மூட்டை தூக்குவாள். முழு அரசாணிக்காயில் மட்டும் கத்தி வைக்க மாட்டாள். முழுக் காயை வெட்டுவது கிடா வெட்டுகிற மாதிரியாம். ஆம்பளை கத்தி முதலில் பட வேண்டுமாம், பொம்பளை வைத்தால் வீட்டுக்கு ஆகாதாம். தான் வைக்க மாட்டாள் என்பது மட்டுமில்லை, நாங்கள் வைப்பதையும் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டாள்.

முன்னெல்லாம் இது ஒரு தொல்லையே இல்லை. ஞானதாஸ் ரிக் வண்டி டிரைவர். வடக்கே ஊர் ஊராகப் போய்ப் போர்வெல் போடுகிற கூட்டத்தோடு வருஷத்தில் பாதி நாள் வெளியில்தான் இருப்பார். மழைக்காலத்தில் வண்டி படுத்துவிடும், அவர் வீட்டுக்கு வந்துவிடுவார். அக்டோபரில் பின்கட்டில் சாக்கு விரித்து, துண்டைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு, வீச்சரிவாளோடு உட்கார்ந்துவிடுவார். வேதக்காரன் கத்தி பட்டால் உன் சாமி ஒத்துக்குமா என்று பெருமாயியைச் சீண்டுவார். ஆம்பளை கையா இருந்தால் போதும், எந்த வேதமா இருந்தால் என்ன என்பாள் அவள். ஒரே வெட்டில் பிளப்பார். அதோடு விடாமல் தோலைச் சீவி, துண்டு போட்டு, விதையைத் தனியாக அள்ளி வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். வினோலியா வேலை செய்யாமல் சிரிக்கிற ஒரே நாள் அதுதான்.

இந்த வருஷம் ஈஸ்டர் முடிந்த கையோடு நாக்பூர்ப் பக்கம் வேலை நடக்கும் இடத்தில் அவருக்கு வாதம் அடித்தது. கூட வேலை செய்தவர்கள் கொண்டுவந்து விட்டார்கள். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பேச்சு கொஞ்சம் தடித்தாலும் புரிகிறது. இடது கை நன்றாகத்தான் இருக்கிறது, வேலை கொடுங்கள், சும்மா உட்கார விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அவர் டிவி முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். ஏலக்காய் உரித்துக் கொடுங்கள் என்றாள், அட்டைப் பெட்டி மடித்துக் கொடுங்கள் என்றாள், கோயிலுக்காவது வாருங்கள் என்றாள். எல்லாவற்றுக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வினோலியா கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த மனிதர் ஒரு தடவையாவது தானாக எழுந்து அடுப்படிக்குள் வர வேண்டும். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது என்னிடம் சொன்னாள், அவர் இருந்தும் வீட்டில் தான் ஒருத்தி மட்டும் இருக்கிற மாதிரி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்று. அழவில்லை. அழுவதற்கும் உட்கார வேண்டுமே.

ஹாலோவீன் அன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு நான் பெட்டி மடிக்கக் கீழே போனேன். மாவை விடியலிலேயே வெண்ணெய் வைத்து மடித்து ஃப்ரிட்ஜில் அடுக்கியிருந்தாள். வெயில் ஏறினால் எங்கள் ஊரில் வெண்ணெய் நெய்யாகிவிடும். மூன்று காய்கள் பின்கட்டில் இருந்தன. அதில் பெரியது பலகாரத்துக்கில்லை. மேசை நடுவில் வைக்க, முகம் வெட்டி முழுக் காயாக அனுப்பச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் கேட்டிருந்தார்கள்.

பெருமாயி காய்களைப் பார்த்தாள். அப்புறம் ஹாலைப் பார்த்தாள். வினோலியா இல்லை என்று தலையாட்டினாள். கேட்டு, அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதை இன்னொரு தடவை பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் செங்கோடனைக் கூப்பிட்டு வந்தாள். ஹால் ஜன்னலுக்கு எட்டாத மாதிரி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் சாக்கு விரித்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை அன்றைக்கு என் கண்ணாலேயே பார்த்தேன். செங்கோடன் நல்ல மனுஷன், நல்ல தொண்டையும்கூட. அரிவாளை வாங்கிக்கொண்டே, இந்த வருஷம் அண்ணன் வெட்டலீங்களா என்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கேட்டான். அவருக்கு முடியாது என்று வினோலியா தணிந்த குரலில் சொன்னாள். உள்ளே டிவி சத்தம் கூடியது.

சின்னக் காய்கள் இரண்டையும் பிளந்துவிட்டு, பெரியதற்கு முகம் வெட்ட அப்புறம் வருகிறேன் என்று செங்கோடன் போனான். பெருமாயி மளமளவென்று தோல் சீவினாள். மத்தியானம் ஞானதாஸ் சாப்பாட்டுத் தட்டைத் தொடவில்லை. வினோலியா தட்டை மூடி வைத்தாள். வேகவைத்து மசித்த அரசாணிக்காயில் நாட்டுச் சர்க்கரை போட்டு, சுக்கும் பட்டையும் தட்டிப் போட்டு, சுருள வதக்கிக்கொண்டிருந்தவள், பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தால் என்ன ஆகும் என்றுதான் சொன்னேனே. நான் முன்வாசலில் பெட்டி மடித்துக்கொண்டிருந்தேன், பெருமாயி பின்னால் தட்டு தேய்த்துக்கொண்டிருந்தாள். கருகல் வாசனை வந்து நாங்கள் ஓடியபோது, சுவரில் தலை சாய்த்து வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். உருளி முழுவதும் அடிப்பிடித்துவிட்டது. மேலாக வழித்து வாயில் வைத்துப் பார்த்தோம், அதிலும் புகை வாசனை. எழுந்து பார்த்தவள் அடுப்பை அணைத்தாள்.

மிச்சம் இருந்தது முகம் வெட்ட வைத்திருந்த பெரிய காய் மட்டும். முகம் போனால் போகட்டும், அதையே வெட்டலாம் என்றாள். செங்கோடன் கடை பூட்டிக் கிடந்தது. மலைப்பாதையில் நின்றுபோன வண்டிக்கு டயர் மாற்றப் போய்விட்டானாம். சாயங்காலம் பள்ளிக்கூடத்து வேன் வந்துவிடும். நான் வெட்டட்டுமா என்று கேட்டேன். பெருமாயி என்னை முறைத்தாள். வினோலியா காயைத் தூக்கி மேடைமேல் வைத்து, பெரிய கத்தியைக் கையில் எடுத்தாள். எங்கள் வேதத்தில் இதெல்லாம் கிடையாது, பார்க்கப் பிடிக்காதவர்கள் வெளியே போகலாம் என்றாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

"வினோ."

ஞானதாஸ் அடுப்படி நிலையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து அந்த நாற்காலி பத்தடி தூரம்தான். அந்தப் பத்தடியை அவர் எப்படி வந்தார் என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

"என்னை ஒரு வார்த்தை கேக்கலியே."

வினோலியா கத்தியோடு திரும்பினாள். "ஈஸ்டர்லேர்ந்து கேட்டுக்கிட்டேதானுங்க இருக்கறேன். ஏலக்காய்க்குக் கேட்டேன், பெட்டிக்குக் கேட்டேன். எனக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு."

அவர் நிலையிலிருந்து கையை எடுத்தார். பிறகு காலை இழுத்து இழுத்து மேடை வரைக்கும் வந்து, இடது கையை நீட்டினார். அவள் கத்தியைக் கொடுத்தாள்.

காயின் காம்புக்குப் பக்கத்தில் கத்தியை வைத்து உடம்பு பாரத்தைப் போட்டு அழுத்தினார். தோல் கல் மாதிரி இருந்தது. விரலகலம் இறங்கியதும் சிக்கிக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. நெற்றியில் வேர்த்தது, வலது கை பக்கவாட்டில் ஆடியது. ஒரே வெட்டில் பிளந்துகொண்டிருந்த மனிதர். எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. மாடிக்கு ஓடிவிடலாமா என்று இருந்தது. வினோலியா அவர் முகத்தைப் பார்க்காமல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் இனிமேல் இந்தப் பக்கம் வரமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். அவளும் அதையேதான் நினைத்திருப்பாள்.

பெருமாயி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள்.

"போதுமுங்க சாமி. கத்தி பட்டுருச்சுல்லங்க, அவ்வளவுதான் சட்டம். மிச்சத்தை வெட்டறதெல்லாம் பொம்பளைங்க வேலை, நீங்கதான் ஒவ்வொரு வருசமும் விடாம நீங்களே வெட்டிக்கிட்டு இருந்தீங்க."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். நிஜமாகவா என்று கேட்கிற மாதிரி இருந்தது. ஆமாங்க என்று சொல்லிவிட்டு அவள் கத்தியைப் பிடித்து, பின்னால் அம்மிக் குழவியால் இரண்டு தட்டு தட்டினாள். காய் பிளந்தது. இத்தனை வருஷமாக அந்தச் சட்டம் கேட்டது விரலகலம்தான். நாங்கள்தான் முழு ஆளைக் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

வினோலியா ஸ்டூலை இழுத்து அவருக்குப் போட்டாள். அவர் உட்கார்ந்தார். அவள் தோல் சீவ ஆரம்பித்தாள். மூடி வைத்த தட்டைத் திறந்து நான்தான் அவர் கையில் கொடுத்தேன், சோறு ஆறிப்போயிருந்தது, சாப்பிட்டார். வேன் வந்து ஹாரன் அடித்தபோது கடைசி ஈடு ஓவனில் இருந்தது. ஒரு காயைக் கொண்டு ஒப்பேற்றியதால் பூரணம் எல்லாவற்றிலும் கொஞ்சம் குறைவுதான். முகம் வெட்டிய காய் எங்கே என்று கேட்ட டிரைவரிடம், இந்த வருஷம் பேய் வரவில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கல்லறைத் திருநாளுக்கு மாமனார் கல்லறையைக் கழுவிப் பூப்போட அவள் மட்டும்தான் போனாள். ஏலக்காயை இன்றைக்கும் அவளேதான் உரிக்கிறாள், பெட்டியை நான்தான் மடிக்கிறேன். டிவி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அவள் நின்றுகொண்டேதான் இருக்கிறாள்.

ஆனால் கிறிஸ்துமஸ் போய்ப் பொங்கலும் போனபிறகு ஒன்றைக் கவனித்தேன். இரண்டு பேர் பொரியலுக்கும் அவள் முழு அரசாணிக்காய்தான் வாங்குகிறாள். கீழே, "ஏங்க, காய் வந்திருக்குது" என்ற குரல் கேட்கும். டிவி சத்தம் குறையும். நாற்காலி நகர்கிற சத்தம், கால் இழுபடுகிற சத்தம், அப்புறம் ஒரு தட்டல். முக்கால் காய் என் வீட்டுக்கு வந்துவிடுகிறது. குழம்பு, கூட்டு, அல்வா எல்லாம் செய்து பார்த்துவிட்டேன், எனக்கு அதன் வாசனையே சலித்துவிட்டது. கடையில்தான் கால் கிலோ பத்தை கிடைக்கிறதே என்று ஒரு நாள் கேட்டேன். கிடைக்குதுக்கா என்றாள். அடுத்த வாரமும் முழுக் காய்தான் வந்தது.