நிழலில் நிறுத்திய பட்டா

எங்கள் பக்கத்தில் வாகனம் நிறுத்துவதற்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. அது நிழல். காலையில் வீதியின் ஒரு பக்கம், பின்னேரம் மற்றப் பக்கம். சந்தியாக இருந்தாலென்ன, மதகாக இருந்தாலென்ன, மரம் நின்றால் அதன் கீழ் ஒரு வாகனமும் நிற்கும். மரமில்லாத இடத்தில் வைரவர் கோயில் இருந்தால் நடுவீதியிலேயே நிறுத்தி, இரண்டு கையையும் எடுத்துக் கும்பிடுவோம். பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடிக்க மாட்டான். அவனும் கும்பிட்டுக்கொண்டிருப்பான்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சாரதிப் பரீட்சைக்கு மனைவி வாசிக்க வாசிக்கக் கேட்டுத்தான் வீதிச் சட்டங்களைப் பாடமாக்கினேன். வளைவில் நிறுத்தக் கூடாது. பழுதானால் வாகனத்தை வீதியை விட்டு இறக்க வேண்டும். பின்னால் வருகிறவருக்குத் தூரத்திலேயே தெரியும்படி அடையாளம் வைக்க வேண்டும். எல்லாம் தெரியும். தெரிந்ததை வாய்விட்டுச் சொல்வதுதான் எனக்கு வராது. பஸ்ஸில் மணி அடிக்க வெட்கப்பட்டு, அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி நடந்து வந்திருக்கிறேன்.

மனைவியின் அண்ணனுடைய மகள் பெரியபிள்ளையாகி, பண்டத்தரிப்பில் சாமத்திய வீடு. யாழ்ப்பாணம் டவுனிலிருந்து கேக் ஏற்றிவரும் பொறுப்பு என் பட்டாவுக்கு. பட்டா என்றால் குட்டி லொறி. மற்ற நாட்களில் வெங்காயம் ஏற்றுவது. மனைவியின் அக்கா, எனக்கு மச்சாள், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் இருந்தார். இரண்டு தட்டுக் கேக், உச்சியில் ஐசிங்கில் செய்த நீல மயில். கேக் வெட்டிய பிறகுதான் படம், படம் எடுத்த பிறகுதான் பந்தி என்று வீடியோக்காரர் சொல்லிவிட்டாராம். அங்கே ஊரே பசியோடு காத்திருந்தது.

பண்டத்தரிப்பை நெருங்கும்போது பின்சில்லுக் காற்றுப் போய்விட்டது. போன இடம் நல்ல வளைவு. வளைவில் ஒரு பெரிய பூவரசு.

“மச்சாள், கொஞ்சம் உருட்டி அங்காலை நேர் ரோட்டிலை ஓரமா விடுறன்” என்றேன்.

“தம்பி, அங்காலை ஒரு மரமும் இல்லை. மயில் உருகி வாத்தாகிப் போம். இதிலையே விடுங்கோ.”

நான் அதிலேயே விட்டேன்.

அடையாளத்துக்கு எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பூவரசில் ஒரு பெரிய கொப்பை முறித்து, வளைவுக்குப் பின்னால் வீதியில் போட்டேன். ஆட்டுக்கு நாங்கள் தினமும் கட்டுகிற குழையும் அதே பூவரசுதான் என்பது ஏனோ நினைவுக்கு வரவில்லை.

நட் ஒன்று இறுகிப்போய் அசையவில்லை. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது தூரத்தில் பஸ் ஹோர்ன் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வீதியில் மொட்டைத் தடி ஒன்று கிடந்தது. பக்கத்தில் இரண்டு ஆடுகள், கடைசி இலைகளை அரைத்தபடி. மச்சாளோ பட்டாவுக்குள் கேக்குக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

கையில் இருந்த நட் கழற்றும் சாவியோடு ஓடினேன். வாயைத் திறந்தேன். அதுவரை அப்படி ஒரு சத்தம் என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது.

“டேய், நில்லடா! நில்லடா டேய்!”

பஸ் கிறீச்சிட்டு, என் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது. ஆடுகள் அசையவில்லை.

“ஆரடா எனக்கு டேய் எண்டது?” டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

எனக்குக் குரல் பழையபடி உள்ளே போய்விட்டது. கண்டக்டர் இறங்கி வந்து தடியைக் காலால் தட்டிப் பார்த்தார்.

“அண்ணை, ஆட்டுக்குக் குழை போட உங்களுக்கு இந்த வளைவே கிடைச்சது?”

பஸ்ஸே சிரித்தது. நான் பட்டாவைப் பார்த்தேன். அந்த பஸ் நின்றிராவிட்டால் மச்சாளும் மயிலும் ஒரே பசையாகியிருப்பார்கள்.

“மச்சாள், இறங்குங்கோ.”

“வெயிலுக்கையோ? கேக்?”

“கேக்கோடை இறங்குங்கோ. நான் வாகனத்தை எடுக்கப் போறன்.”

மச்சாள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு இறங்கினார்.

“அக்கா, பண்டத்தரிப்புக்கெண்டால் ஏறுங்கோ, நாங்கள் கொண்டு போறம்” என்றார் கண்டக்டர். முன்சீட்டில் இருந்த பெரியவர் எழும்பி இடம் கொடுத்தார். “நீ நில் பிள்ளை, கேக்கை இருத்து” என்றார். மயில் ஜன்னலோரம் இருக்க, மச்சாள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனார்.

நான் வாகனத்தைத் தூக்கியிருந்த ஜக்கை இறக்கி, காற்றில்லாத சில்லோடு வாகனத்தை உருட்டி, நேர் வீதியில் ஓரமாக இறக்கினேன். கொதிக்கும் வெயிலில் சில்லு மாற்றினேன்.

போய்ச் சேரும்போது பந்தி நடந்துகொண்டிருந்தது. மயிலுக்கு ஒரு செட்டை மட்டும் சாய்ந்திருந்ததாம். அந்தப் பக்கத்தை வீடியோக்காரர் எடுக்கவில்லை. மச்சாள் எல்லோருக்கும் என் சத்தத்தை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நான் சமையல்காரர் பக்கமாக ஒதுங்கினேன்.

பிள்ளையின் தகப்பன், என் மச்சான், அங்கேயும் தேடி வந்தார். மச்சாளின் தம்பியல்லவா.

“என்ன மச்சான், வாகனத்தை அவ்வளவு தூரத்திலை வெயிலுக்கை விட்டிருக்கிறீர்? ஒழுங்கை முடக்கு வளைவிலை மாமரம் நிக்குது, அதுக்குக் கீழை கொண்டந்து விடுமன்.”

“மாட்டன்” என்றேன்.

அவர் வாய்க்குப் போன வடையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.