நான்கில் இரண்டு, இரண்டில் ஒன்று

சுனாமிக்கு அடுத்த ஆண்டு அந்தமானின் ஹட் பே ஊரில் எங்கள் பள்ளி தகரக் கொட்டகையில்தான் நடந்தது. மழை பிடித்துவிட்டால் தகரத்தில் விழும் சத்தத்தில் நான் கத்துவது முதல் வரிசைக்கே கேட்காது. அப்படி ஒரு மழை வாரத்தில், அதிகம் பேச வேண்டாத விளையாட்டாக இருக்கட்டும் என்று நிவாரண பிஸ்கட் வந்த அட்டைப்பெட்டிகளைச் சீட்டுகளாக வெட்டினேன். ஒவ்வொன்றிலும் ஒரு பின்னம். பிள்ளைகள் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு, அதே மதிப்புள்ள சீட்டு யாரிடம் இருக்கிறது என்று தேடிப் போய் ஜோடியாக நிற்க வேண்டும்.

கொஞ்ச நேரம் சிரிப்பும் தள்ளுமுள்ளுமாக இருந்தது. நெடுநாள் கழித்து அந்தக் கொட்டகையில் சிரிப்பைக் கேட்டேன்.

கப்பல்துறைப் பக்கத்து வங்காளிச் சிறுமி ஒருத்தியிடம் இரண்டில் ஒன்று. எண்ணெய்ப்பனைத் தோட்டத்துத் தமிழ்ச் சிறுமியிடம் நான்கில் இரண்டு. இருவரும் எப்போதும் ஒரே பாயில் உட்காருகிறவர்கள். வங்காளிச் சிறுமி ஓடிவந்து பக்கத்தில் நின்றாள். மற்றவள் விலகிக்கொண்டாள்.

"ஏம்மா, ரெண்டும் சமம்தானே?" என்று கிட்டே போய்க் கேட்டேன்.

"பராபர் இல்ல டீச்சர்." சமம் என்பதற்கு அங்கே பிள்ளைகள் சொல்லும் இந்திச் சொல் அது. "அவ வீட்ல ரெண்டு பேரு. அவ அம்மா போயிட்டாங்க. எங்க வீட்ல நாலு பேரு. அம்மாவும் தம்பியும் போயிட்டாங்க. ரெண்டும் எப்படி பராபர் ஆகும்?"

என்ன சொன்னாள் என்று வங்காளிச் சிறுமி அவளையே இந்தியில் கேட்டாள். அவளும் ஒளிக்காமல் சொன்னாள். வங்காளிச் சிறுமி தன் சீட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாக இந்தியில் சொன்னாள்: "எனக்கு இருந்ததே அம்மா ஒருத்திதான்."

தள்ளி நின்ற தமிழ்ச் சிறுமி கிட்டே வந்து நின்றாள், அவ்வளவுதான். ஜோடி சேர்ந்து நின்ற மற்றப் பிள்ளைகள் எங்களையே பார்த்தார்கள். ஆள் குறையாத வீடு அங்கே யாருக்குத்தான் இருந்தது. நான் சீட்டுகளை வாங்கி வைத்துவிட்டு, மழை விடும்வரை எல்லோரையும் படம் வரையச் சொன்னேன். மறுநாள் பலகையில் வட்டம் போட்டுப் பின்னம் நடத்தினேன். பரீட்சையில் இருவருமே அந்தக் கணக்கைச் சரியாகப் போட்டிருந்தார்கள்.

மழைக்காலம் முடிகிற சமயம், வங்காளிச் சிறுமியை வடக்கே ரங்கத் என்ற ஊரில் இருந்த சித்தப்பா வந்து கப்பலில் அழைத்துப் போனார். வகுப்பில் சொல்லிக்கொள்ளக்கூட அவளுக்கு நேரமில்லை. அன்றிலிருந்து தமிழ்ச் சிறுமி பாயின் ஓரத்திலேயே உட்கார்ந்தாள். பக்கத்து இடத்துக்கு யார் வந்தாலும், "ஆள் இருக்கு" என்று சொல்லிவிடுவாள். அந்த ஆண்டு முடியும்வரை நான் அங்கே வேறு யாரையும் உட்காரச் சொல்லவில்லை.