நூற்று அறுபது

தம்பிக்கு அப்போது ஆறு வயது, எனக்கு ஒன்பது. சின்னமனூருக்குப் பக்கத்தில் எங்கள் திராட்சைத் தோட்டத்தில், நிறுத்தியிருந்த டிராக்டர் டிரெய்லரின் மேலிருந்து அவன் குதித்தான். பந்தல் கல்தூணில் மண்டை மோதியது. "ஏலே, குதி பாப்போம்" என்று சொன்னது நான்தான். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு அவன் தூங்கப் பார்த்தான். அப்பா தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, மூளையில் வீக்கம் என்று தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள். தலையில் கட்டு, நெஞ்சில் ஒயர்கள். அம்மாவுக்கு அந்த ஒயர்கள்தான் விளங்கவில்லை.

"அடிபட்டது மண்டையில. நெஞ்சுல எதுக்கு ஒயரு ஒட்டுறீக?"

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "இதயம் ஓடுற வேகத்தை மூளையும்தாம்மா பாத்துக்குது. மேஸ்திரிக்கு அடிபட்டா வேலை தாறுமாறாத்தான் நடக்கும். சில பிள்ளைகளுக்கு அப்படி ஆகும். அதான் விடாம பாத்துக்கிட்டிருக்கோம்."

மறுநாள் பகலில் தம்பி கண்விழித்து "அக்கா" என்றானாம். ஐந்து நிமிடம்தான் என்று சொல்லி என்னை உள்ளே விட்டார்கள். கட்டிலின் அந்தப் பக்கம் அம்மா நின்றாள். மேலே ஒரு பெட்டியில் பச்சைக் கோடு ஓடியது, ஓரத்தில் ஒரு எண். தொண்ணூற்றாறு. எனக்குத் தெரிந்த எண்ணெல்லாம் பரீட்சை மார்க்தான், கூடினால் நல்லது. அது நூறைத் தாண்டியது. நூற்று இருபது, நூற்று நாற்பது. கோடு கோணல்மாணலாகத் துள்ளியது. நான் கைதட்டினேன்.

"அம்மா, தம்பி நூத்தி அறுபது!"

பெட்டி அலறியது. நர்ஸ்கள் ஓடிவந்தார்கள். ஒருவர் என்னை இடுப்போடு தூக்கிக்கொண்டுபோய் வெளியே விட்டார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன், அவனுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா சுவரைப் பார்த்து நின்றார்.

"என்னாச்சுப்பா?"

"ஒண்ணுமில்ல ஆத்தா. சும்மா இரு."

வெகுநேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து, துடிப்பு சீராகிவிட்டது என்றார். அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறமும் இரண்டு தடவை அந்தப் பெட்டி கத்தியது. மூளை வீக்கம் வடிய வடிய இதயமும் ஒழுங்குக்கு வந்தது. மூன்றாவது வாரம் தம்பி வீட்டுக்கு வந்தான். இப்போது போடிமெட்டு மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறான்.

வீட்டுக்கு வந்த பிறகு பல மாதம், மத்தியானம் அவன் தூங்கும்போதெல்லாம் அம்மா அவன் நெஞ்சில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். கொஞ்சுகிறாள் என்று நினைத்தேன். ஒருநாள் நானும் அவன் பக்கத்தில் படுத்து, தூங்குவதுபோல் கிடந்தேன். என் நெஞ்சிலும் காதை வைத்தாள். இரண்டு நொடிகூட இருக்காது.

"ஒனக்கென்ன, நல்லாத்தான் ஓடுது" என்று சொல்லிவிட்டு அவன் பக்கம் திரும்பிவிட்டாள்.

அன்று முழுக்க நான் அம்மாவோடு பேசவில்லை.