தானாக மூடிக்கொண்ட சுவர்

மயிலாப்பூருக்கு வந்த முதல் மாதத்தில் ஒரு காய்கறிக்காரர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். "முருங்கக்காய் வேணுமாம்மா?" என்று அவர் கேட்க, நான் "ஓம்" என்றிருந்தேன். நான் ஆமென்றதை, காலையிலேயே மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து நான் படகேறியபோது, போகிற இடத்தில் பாஷையாவது நம்முடையது என்றுதான் அம்மா ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலை நம்பியிருந்த நான், பெசன்ட் நகரில் ஒரு செங்கல் சுவருக்கு முன்னால் வாயடைத்துப்போய் நின்றேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. தி. நகரில் வீட்டு வரைபடங்கள் போட்டுத்தரும் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. அதன் உரிமையாளரை எல்லோரும் சார் என்போம். அகதியாகப் பதிந்திருந்த எனக்காகக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். அவர் கையை விரித்தால் இந்த நகரத்தில் எனக்கென்று பேச ஒருவரும் இல்லை.

ஊரில் நான் கையால் வரைந்தவள். சுவர் என்றால் இரண்டு இணைகோடுகள், கதவு என்றால் கவராயத்தால் இழுத்த ஒரு கால்வட்டம். போட்ட கதவு வேண்டாமென்றால் பிளேடால் மையைச் சுரண்ட வேண்டும். என்னதான் பக்குவமாகச் சுரண்டினாலும் தாளில் தழும்பு நிற்கும். வெளிச்சத்தில் பிடித்தால், இங்கே முன்பு ஒரு கதவு இருந்தது என்று எவருக்கும் தெரிந்துவிடும்.

சாரின் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் இருந்தது. அதிலும் கோடு கோடாகத்தான் வரைந்துகொண்டிருந்தேன். ஒருநாள் ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து ஒருவர் ஏழெட்டு ஃபிளாப்பிகளோடு வந்து, வரையும் மென்பொருளுக்கு ஓர் 'ஆட்-ஆன்' போட்டுக் கொடுத்தார். இரண்டு புள்ளிகளைத் தொட்டால் ஒன்பது அங்குலச் சுவர் எழுந்தது. சுவரில் ஓரிடத்தைத் தொட்டால் சுவர் தானே விலகி, கதவு வந்து உட்கார்ந்தது. மூன்று நாள் வேலை முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

"இப்ப அந்தக் கதவ அழிச்சுப் பாருங்க மேடம்" என்றார் அவர்.

திரையில் திறந்திருந்தது பெசன்ட் நகர் வீட்டின் வரைபடம். கொல்லைப்பக்கம் திறக்கும் பின் அறைக் கதவை அழித்தேன். சுவர் தானாக மூடிக்கொண்டது. ஒரு கீறல் இல்லை, ஒரு வடு இல்லை. அதற்குள் சார் கூப்பிட்டார். திரும்பி வந்தபோது சைட்டுக்கு அவசரமாக பிரிண்ட் வேண்டும் என்றார்கள். அழித்த கதவைத் திரும்பப் போட மறந்து, அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து டெலிபோன் பூத்திலிருந்து மேஸ்திரி ஏழுமலை பேசினார். நொச்சிக்குப்பத்துக்காரர், கடலுக்குப் போகாமல் கொத்துவேலைக்கு வந்தவர். "இன்னாம்மா, பின் ரூமாண்ட தொறப்பு இல்லியா?"

சைட்டின் பின்பக்கக் கொட்டகையில்தான் சிமெண்ட் மூட்டைகளைப் பூட்டி வைத்திருந்தார்கள். அதன் சாவியைக் கேட்கிறார் என்று நினைத்தேன். நமக்குத் திறப்பு என்றால் சாவிதானே! "இல்லை அண்ணை, அங்கை திறப்பு இல்லை" என்றேன். அது சாரின் மேசையில் இருக்கிறது என்று சொல்வதற்குள், "செர்மா" என்று வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் வீட்டுக்காரம்மாவான விசாலம் மாமி சைட்டிலிருந்து சாருக்குப் பேசினார். பின் அறைக் கதவைக் காணோம் என்று. சார் கத்திக்கொண்டே தன் அறையிலிருந்து வருவதற்குள் நான் கோப்பைத் திறந்து, இரண்டே தொடுதலில் அந்தக் கதவைத் திரும்பப் போட்டுவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. கை தானாகப் போயிற்று. சார் திரையைப் பார்த்தார். "நம்ம டிராயிங்ல கதவு இருக்கே! அந்த மேஸ்திரி என்னத்தக் கட்டி வெச்சிருக்கான்?" என்றார்.

அப்போதே என்னையும் கூட்டிக்கொண்டு சார் சைட்டுக்குப் போனார். அங்கே மாமி பூசாத சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "முன்பக்கம் ஏழு படி, பின்பக்கம்தான் சரிவு. இவர் பக்கவாதத்துல விழுந்து ஆறு மாசமாச்சு. சக்கர நாற்காலியோட பின்வழியா வெளில தள்ளிண்டு போகலாம்னுதானே இந்த ஆத்தையே கட்டறேன்? இந்தச் சுவத்தைப் பாத்துண்டா கிடக்கணும் அவர்?"

சார் ஏழுமலையின் பக்கம் திரும்பினார். "நாளையிலேர்ந்து நீ வராதே."

"அம்மாவக் கேட்டுக்கினுதான் சார் கட்னேன். தொறப்பு இல்லன்னாங்களே! இத்தப் பாருங்க" என்று ஏழுமலை மடியிலிருந்து பிரிண்டை எடுத்தார். சார் அதை வாங்கவில்லை.

அந்தக் கணத்தில்தான் அவர் கேட்ட தொறப்பு சாவியல்ல, சுவரில் கதவுக்கு விடும் வழி என்று எனக்கு விளங்கியது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். கம்ப்யூட்டர் என் பக்கம் சாட்சி சொல்லும். ஏழுமலை என்னைக் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார்.

"அவரிலை பிழை இல்லை, சேர். நான்தான் கதவை அழிச்சனான். இண்டைக்குத்தான் திரும்பப் போட்டனான்."

சார் ஏழுமலையின் கையிலிருந்த பிரிண்டை வாங்கிப் பார்த்தார். பிறகு, "பயத்துல தப்பு பண்றவங்களப் பாத்திருக்கேன். இவ்ளோ வேகமாப் பண்ணி இப்பதான் பாக்கறேன்" என்றார். அவர் என்னை அனுப்பிவிடவில்லை. ஆனால் அதன்பின் நான் இருந்த காலம் முழுக்க, என் பிரிண்ட் ஒவ்வொன்றையும் கதவு கதவாக எண்ணிப் பார்த்தபிறகே வெளியே விட்டார். அது எனக்குத் தகும்.

ஏழுமலை அப்போதே கடப்பாரையை எடுத்தார். சாவிக் கதையைச் சொன்னேன். கடப்பாரையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "சாவியா? அட நைனா! இதுக்கோசரமா எம் பொயப்புல மண்ணு வுய இருந்துச்சு? தெலுங்குல கேட்டிருந்தாக்கூட இன்னான்னு திருப்பிக் கேட்டிருப்ப."

அது உண்மை. புரியாத பாஷையாக இருந்திருந்தால் நான் மறுபடி கேட்டிருப்பேன்.

மாலைக்குள் ஆள் நுழையும் அளவுக்குச் சுவர் உடைந்தது. செங்கற்களைப் பொறுக்கி உதவிக்கொண்டிருந்த நான் அந்த இடைவெளியில் ஏறி நின்றேன். "சாயந்தரமாயிடுத்து, உள்ள வாடிம்மா, ஏன் அங்கயே நிக்கறே?" என்று உள்ளேயிருந்து மாமி கூப்பிட்டார். "மேலாண்ட கல்லு வுயும், வெளிய வந்துடும்மா" என்று வெளியிலிருந்து ஏழுமலை கத்தினார். இரண்டு பேரும் கை நீட்டியிருந்தார்கள். உடைந்த செங்கற்களின் மேல், எந்தப் பக்கம் காலை வைப்பதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.