கரண்ட் போனால் கிளாஸ்

வாத்தியார் தொழிலுக்கு முதலீடு தொண்டை ஒன்றுதான். அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாத ஒரு வருஷத்தையும் நான் பார்த்துவிட்டேன். செல்போனில் அ, ஆ சொல்லிக்கொடுத்த டீச்சர்மாரே, பக்கத்தில் உட்கார்ந்து "சொல்லுடி, டீச்சர் கேக்கறாங்க பாரு" என்று பிள்ளையின் தொடையைக் கிள்ளிய தாய்மாரே, நாம் பட்ட பாடு நமக்குத்தான் தெரியும்.

ஆரணியில் சேவூர் போகிற பக்கம் ஒரு சின்னத் தொடக்கப் பள்ளியில் நான் ஒன்றாம் வகுப்பு டீச்சர். என் வகுப்பில் முக்கால்வாசி தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். கொரோனா வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டியதும் எங்கள் ஹெச்.எம். அம்மா கூப்பிட்டு, "எஸ்தர், இனிமே போன்லதான் கிளாஸ்" என்றார்கள். எனக்கு போனில் பேசத் தெரியும், கட் பண்ணத் தெரியும். அதற்குமேல் தெரியாது. ஆண்டவர் மேல் பாரத்தைப் போட்டு ஆரம்பித்தேன்.

முதல் நாள்

அந்த வருஷம் சேர்ந்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்தையே பார்த்ததில்லை. நானும் அவர்களைப் பார்த்ததில்லை. திரையில் முகம் தெரிந்தால் கீழே பெயர் இருக்கும், அதை வைத்துக் கூப்பிடலாம் என்று ஹெச்.எம். சொல்லியிருந்தார்கள். பெயர் இருந்தது. ஆனால் அது போனுக்குச் சொந்தக்காரர் வைத்த பெயர். "தறி மேஸ்திரி", "ஜரிகை அண்ணன்", "அப்பா புது நம்பர்". மேஸ்திரிக்கு முன்பல் ரெண்டும் இல்லை. ஜரிகை அண்ணனுக்கு ரெட்டைச் சடை. "ஜரிகை அண்ணன், மூக்கில இருந்து கைய எடும்மா" என்று சொல்லி வகுப்பைத் தொடங்கினேன்.

வாயைத் திறந்து ஒரு பாட்டு ஆரம்பித்ததுதான் தாமதம், அத்தனை வீட்டிலிருந்தும் ஒரே சமயத்தில் பவர்லூம் சத்தம். டடக் டடக் டடக் டடக். என் போன் மேஜை மேல் நடுங்குகிறது. என் பாட்டு எனக்கே கேட்கவில்லை. கோபம் தலைக்கேறி, "யாராச்சும் பெரியவங்க இருந்தா கொஞ்ச நேரம் தறிய நிறுத்துங்களேன்!" என்று கத்தினேன். ஒரு அப்பா திரைக்குள் தலையை நீட்டினார். மரியாதையாகத்தான் சொன்னார்: "தறிய நிறுத்துனா சோத்துக்கு இன்னாங்க பண்றது? நீங்க வேணா பாட்ட கொஞ்சம் நிறுத்திக்கோங்க டீச்சர்."

பேசாத தர்ஷினி

சத்தத்துக்கு மருந்து மியூட் பட்டன் என்று கண்டுபிடித்தோம். எல்லாரையும் மியூட்டில் போட்டு நான் மட்டும் பேசுவது; கேள்வி கேட்டால் ஒவ்வொருவராக மியூட்டை எடுத்துச் சத்தத்தோடு சத்தமாகக் கத்துவது. மெல்ல மெல்ல எல்லாப் பிள்ளைகளும் கத்தப் பழகிவிட்டன. ஒருத்தி மட்டும் பழகவில்லை. தர்ஷினி. கண்ணைக் கொட்டாமல் என்னையே பார்ப்பாள். பாடம் முடிந்தால் டாட்டா காட்டுவாள். வாயிலிருந்து ஒரு சொல் நான் கேட்டதில்லை.

மனசு கேட்காமல் அவள் அப்பா குமாருக்குப் போன் போட்டேன். வீட்டிலேயே ரெண்டு பவர்லூம் ஓட்டுகிறவர். அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "பொங்கல் வரிக்கும் பாக்கறேன் டீச்சர். புள்ள ஒரு வரி படிச்சிக் காட்டட்டும். இல்லன்னா இந்த வருசம் நிறுத்திட்டு, ஸ்கூலு தொறந்ததும் மறுபடி ஒண்ணாவதே சேத்துக்கறேன். நீங்க பாஸ் போட்டுடுவீங்க. ஒண்ணும் தெரியாம ரெண்டாவதுல போயி குந்திகினு அது இன்னா பண்ணும்?"

கோபப்படவும் முடியவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் கூடப் படித்ததெல்லாம் மேலே போக, இந்தக் குட்டி மட்டும் கீழேயே நிற்குமே. அதுவும் என் வகுப்பில்! போனை வாங்கி அவள் அம்மா ஆறுதல் சொன்னார்: "நீங்க ஒண்ணும் மனசுல வெச்சிக்காதீங்க டீச்சர். எங்க வூட்ல யாருமே பேசறதில்ல, தறி ஓடிகினே இருக்குதா, சோறு துன்றியான்னு கேக்கறதுக்குக்கூட கையத்தான் காட்டிக்கிறோம்."

துண்டு போட்ட கேமரா

ரெண்டு மாசம் போனதும் ஒரு விநோதம். ஒவ்வொரு வீடாகக் கேமரா மேல் துண்டு விழ ஆரம்பித்தது. சில வீட்டில் மின்விசிறி மட்டும் தெரியும். சில வீட்டில் பிள்ளைக்குப் பின்னால் போர்வை கட்டித் தொங்கும். பாவம், வீடு சின்னது என்று கூச்சப்படுகிறார்கள் போல என்று எனக்கு மனசு உருகிவிட்டது. மறுநாள் பாடத்தை நிறுத்திவிட்டு ஒரு பிரசங்கமே வைத்தேன். "வீடு எப்படி இருந்தா என்ன, இயேசு சாமியே மாட்டுக் கொட்டகையிலதான் பொறந்தார்" என்கிற அளவுக்குப் போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் கைத்தறிக்காரர் சேகர் போன் பண்ணினார். அவர் மகன் என் வகுப்பில்தான். "கூச்சமெல்லாம் இல்லீங்க. பின்னாடி தறியில புது முந்தானை டிசைன் ஏத்தியிருக்கேன். போன தபா பையன் முதுகுக்குப் பின்னால என் மயிலு டிசைனு தெரிஞ்சுச்சு. இப்ப அதே மயிலு அடுத்த தெருத் தறியில ஓடிகினு கீது" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொஞ்ச நாளாகவே பிள்ளைகளைவிட அப்பாமார்கள்தான் போனுக்கு முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். படிப்பில் என்ன ஆர்வம் பாருங்கள் என்று நான் ஹெச்.எம்.மிடம் பெருமை வேறு அடித்திருந்தேன். விஷயத்தைச் சொன்னதும் ஹெச்.எம். சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "அதான பாத்தேன், நீ 'ஆடு' எழுதிக் காட்டறதுக்கு எதுக்கு இத்தினி அப்பாங்கன்னு."

திருத்தி அனுப்பவும்

வீட்டுப்பாடத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொல்லியிருந்தேன். படம் வந்து குவியும். சோற்றைக் கிளறிக்கொண்டே ஒரு கையால் பதில் போடுவேன். எனக்கு இருந்தது ரெண்டே பதில். நன்றாக இருந்தால் "மிக அருமை". இல்லாவிட்டால் "கோடு கோணல். திருத்தி மீண்டும் அனுப்பவும்".

சேகர் பாவம், முதலாளிக்கு அனுப்ப வேண்டிய புடவைப் படத்தைத் தெரியாமல் எங்கள் குரூப்பில் போட்டுவிட்டார். நான் எங்கே பார்த்தேன்? சாம்பார் பொங்கி வழிகிற நேரம். தட்டிவிட்டேன் ரெண்டாவது பதிலை. மறுநாள் காலையில் அவரிடமிருந்து போன். குரலே சரியில்லை. ராத்திரி தூங்கியிருக்க மாட்டார் போல. "டீச்சர், பார்டர ரெண்டு தபா ஸ்கேல் வெச்சிப் பாத்துட்டேன், வூட்டுக்காரம்மாவும் பாத்துச்சு, நேராத்தாங்க கீது. கோணல் எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க."

லைன்மேனுக்குப் போன்

ஒரு மத்தியானம் பாடம் நடக்கும்போதே கரண்ட் போய்விட்டது. ஒரே நொடி. அத்தனை பவர்லூமும் நின்றது. ஐயோ, அந்த அமைதி! எல்லாரையும் மியூட்டிலிருந்து எடுத்தேன். யார் வீட்டிலோ குக்கர் விசில், எங்கேயோ ஒரு கோழி. பிள்ளைகளே திகைத்துப் போய் ஒன்றையொன்று பார்த்தன. நான் மெதுவாக "மழை" என்றேன். எல்லாரும் "மழை" என்றார்கள். எனக்குக் கேட்டது! அன்று ஒரு மாசத்துப் பாடத்தை முடித்தேன் என்றே சொல்லலாம். கைத்தறி வீடுகளில் மட்டும் டக் டக் என்று சத்தம் வந்தது. அது பாட்டுக்குத் தாளமாகிவிட்டது.

அதோடு டைம்டேபிளைக் கிழித்துப் போட்டேன். கரண்ட் போனால் கிளாஸ், வந்தால் லீவு. தெருவில் கரண்ட் போனதும் "டீச்சர், போயிடுச்சு, ஜல்தி வாங்க!" என்று அம்மாக்கள் சந்தோஷமாகப் போன் பண்ணுவார்கள். நான் பாதிக் குளியலில் ஓடி வந்த நாளும் உண்டு. முன்கூட்டியே தெரிந்தால் தேவலையே என்று எங்கள் ஏரியா லைன்மேனுக்கு அடிக்கடி போன் போட்டேன். ஒருநாள் அந்த மனுஷன் கேட்டேவிட்டார்: "ஊரே என்னைக் கூப்ட்டு கரண்ட் எப்ப வரும்னு திட்டுது. எப்ப போவும்னு ஆசையா கேக்கறது நீங்க ஒருத்தர்தான். உங்களுக்கு இன்னாதான் பிரச்சனை டீச்சர்?"

டீச்சருக்குப் பல்வலி

எல்லாருக்கும் நல்லது நடந்தால் தர்ஷினிக்கு மட்டும் எப்போதும் வேறு மாதிரிதான். அந்த வீட்டில் ஒரே போன், அது குமாருடையது. கரண்ட் போனால்தான் அவருக்கு வெளிவேலை. நூல் வாங்க, நெய்த புடவையை முதலாளியிடம் கொடுக்க என்று போனோடு கிளம்பிவிடுவார். ஆக, ஊர்ப் பிள்ளைகளெல்லாம் அமைதியாகப் படிக்கிற நேரத்தில் அவள் இல்லை. தறி ஓடினால்தான் போன் வீட்டில் இருக்கும். சரி, உனக்குத் தனியாக எடுக்கிறேன் வாடி என்று தினமும் சாயங்காலம் அவளை மட்டும் கூப்பிட்டேன்.

அந்தச் சத்தத்தில் என் குரல் எதற்கு? வாயை மட்டும் பெரிதாகத் திறந்து, கோணி, குவித்து, அட்டையில் எழுதிய ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தொட்டுக் காட்டுவேன். அவளும் வாயைத் திறப்பாள், குவிப்பாள். ஆனால் படிக்கிறாளா, என்னைப் பார்த்து வாயை மட்டும் ஆட்டுகிறாளா? அதுதான் தெரியவில்லை. கேட்டால் தறிதான் கேட்கிறது. பொங்கல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. நான் வாசலில் வெளிச்சத்துக்கு உட்கார்ந்து இப்படிச் சத்தமில்லாமல் வாயைக் கோணிக்கொண்டிருப்பதைப் பல நாளாகப் பார்த்த எதிர்வீட்டு அம்மா, கடைசியில் என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாராம்: "சார், டீச்சருக்கு பல்வலியா, இல்ல வேற எதுனாவா? பெரிய ஆஸ்பத்திரில காட்டிடுங்க, வுட்டுடாதீங்க."

ஒரு வரி

பொங்கலுக்கு முந்தின வாரம் குமாரே கூப்பிட்டார். "இன்னா டீச்சர், படிக்குதா இல்லையா?" மாஸ்க்கை மாட்டினேன், வண்டியை எடுத்தேன், அவர் வீட்டுக்கே போய்விட்டேன்.

தை மாசக் கல்யாணத்துக்கு ஆர்டர் இருந்ததால் ரெண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. சுவரே அதிர்கிறது. தர்ஷினி என்னைப் பார்த்ததும் அம்மாவின் பின்னால் ஒளிந்தாள். போனில் பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தாள். குமார் தறியை விட்டு நகராமல், படிக்கச் சொல்லுங்கள் என்று கையைக் காட்டினார். புத்தகத்தைப் பிரித்து வைத்தேன். அவள் வாய் அசைந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கும் கேட்கவில்லை. உதட்டைப் பிதுக்கினார்.

வந்தது பாருங்கள் எனக்கு ஆத்திரம். "ஒரு வரி படிக்கணும்னு கேட்டது நீங்க! அந்த ஒரு வரியக் கேக்கறதுக்குத் தறிய நிறுத்த மாட்டீங்களா?" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அதுவும் அவர் காதில் விழவில்லை. எழுந்து போய் அவர் முன்னால் நின்று, காதைக் காட்டி, பிள்ளையைக் காட்டி, சுவரில் இருந்த சுவிட்சைக் காட்டினேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு ஒரு தறியை நிறுத்தினார். கொஞ்சம் யோசித்து மற்றதையும் நிறுத்தினார்.

காது அடைத்தது போல் ஆகிவிட்டது. அந்த அமைதியில் தர்ஷினி ஆரம்பித்தாள். "மழை வந்தது! மரம் நனைந்தது!" ஆண்டவரே, என்ன குரல்! தறி ஓடும்போதே படித்துப் பழகிய பிள்ளைக்கு வேறு விதமாகப் படிக்கலாம் என்றே தெரியவில்லை. உச்சக்கட்டத்தில் கத்துகிறாள். புத்தகத்தில் அந்தப் பக்கம் முடிந்தது. நான் நடத்தாத அடுத்த பக்கத்துக்குப் போனாள். அதுவும் முடிந்தது. சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பிடித்துக்கொண்டாள். "ரா... கு... கா... லம்! ராகு காலம்!" கிறிஸ்தவ டீச்சரின் மாணவி ராகு காலம் படிக்கிறாள், நான் ஆனந்தமாய் அழுதுகொண்டிருக்கிறேன். அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். தறி நின்று, கத்தல் கேட்டதும், ஏதோ சண்டை என்று அக்கம்பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் வாசலுக்கு ஓடி வந்துவிட்டார்கள்.

குமார் தறியை விட்டு வந்தார். மகளின் தலையில் கையை வைத்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "நிறுத்தல டீச்சர். புள்ள ரெண்டாவதே போவட்டும். ஆனா மெதுவா படிக்கறதுக்கும் எதுனா பாடம் இருந்தா ஜல்தியா நடத்திடுங்க, தெருவே கூடிப்போச்சு."

ஆக, ஒரு வருஷம் பூராவும் ஆன்லைனில் வகுப்பெடுத்து நான் கற்றுக்கொண்டது, பிள்ளைக்குப் படிப்பு வந்ததா என்று தெரிய வேண்டுமானால் வண்டிக்குப் பெட்ரோல் போட வேண்டும் என்பதுதான்.